பைபிள்ல தானியேல் புத்தகம் எப்ப எழுதினது? அராமிக் மொழி தெரிஞ்சவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா தானியேல் புத்தகம் எழுதப்பட்ட காலத்தை பத்தி படிச்சிட்டு இருக்கேன், ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன்.

கதை நடக்கிறது கிமு 6ம் நூற்றாண்டு பாபிலோன்ல. ஆனா 11ம் அதிகாரத்துல வடதிசை ராஜா தென்திசை ராஜான்னு வர்ற சண்டையெல்லாம் அலெக்சாண்டருக்கு அப்புறம் சிரியாவை ஆண்ட செலூசிட், எகிப்தை ஆண்ட தாலமிங்கிற ரெண்டு கிரேக்க வம்சங்களுக்குள்ள நடந்ததோட அப்படியே பொருந்துது, செலூசிட் ராஜா நாலாம் அந்தியோக்கஸ் கிமு 167ல எருசலேம் ஆலயத்தை தீட்டுப்படுத்தினது வரைக்கும். அவன் சாவு மட்டும் பொருந்தல. புத்தகம் கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவுலன்னு சொல்லுது, அவன் செத்ததோ பாரசீகப் பக்கம், கிமு 164ல. அதனால அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் எழுதி முடிச்சிருக்கணும்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க, எனக்கும் அது சரின்னுதான் படுது.

என் சந்தேகம் முதல் 6 அதிகாரக் கதைகள் மேல. 2ம் அதிகாரம் 4ம் வசனத்து நடுவுல எபிரேயம் அராமிக்கா மாறி 7ம் அதிகாரம் முடிய ஓடுது. 3ம் அதிகாரத்துல வர்ற இசை வாத்தியங்கள்ல மூணோட பேர் கிரேக்க வார்த்தை, நம்ம பைபிள்ல கின்னரம், சுரமண்டலம், தம்புருன்னு இருக்கிறதால அது கண்ணுலயே படாது. இந்த மூணு வார்த்தையை வச்சு கதைகளையும் கிரேக்கர் காலத்துக்கு கொண்டு போகலாமா, இல்ல அதுக்கு முந்தின பாரசீக காலத்துலயே இருந்த பழைய கதைகளா? எகிப்துல எலிஃபண்டைன் தீவுல கிடைச்ச கிமு 5ம் நூற்றாண்டு அராமிக் கடிதங்களோட இலக்கணத்தை ஒப்பிட்டுப் பார்த்தவங்க யாராவது இருந்தா, எந்தெந்த வித்தியாசத்தை கவனிக்கணும்னு சொல்லுங்க ப்ளீஸ். எபிரேய எழுத்து வாசிப்பேன், அராமிக் இலக்கணம் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்.