கிட்டார் டேப் எழுதி இணையத்தில் போட்டவர்கள், அதை எடுக்கச் சொல்லி அறிவிப்பு வந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கரிச்சான்

வணக்கம். பதினோரு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். பாட்டைக் காதால் கேட்டு எடுத்து டேப் (tab: எந்தக் கம்பியை எந்த இடத்தில் அழுத்துவது என்று எண்களால் எழுதும் குறிப்பு) எழுதுவதில் எனக்கு ஒரு தனி ஆசை. எழுதியதையெல்லாம் சின்னதாக ஒரு தளம் வைத்துப் போட்டிருந்தேன். விளம்பரம் கிடையாது, காசு கிடையாது. மொத்தம் 43 பாட்டு. போன மாதம் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இசைப் பதிப்பகம் ஒன்று புகார் கொடுத்திருக்கிறதாம், அதனால் ஆறு பக்கங்களை எடுத்துவிட்டார்களாம்.

படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஆறில் ஒன்றின் சோலோவுக்கு (கிட்டார் தனித்து வாசிக்கும் பகுதி) மூன்று இரவு உட்கார்ந்திருக்கிறேன். அதில் எட்டு விநாடி வரும் ஒரு துண்டு. ஏழாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டை) கம்பியை ஒரு முழு ஸ்வரம் இழுத்தாலும், ஏழிலிருந்து ஒன்பதுக்கு வழுக்கிப் போனாலும் போய்ச் சேரும் ஸ்வரம் ஒன்றுதான். ஆனால் இழுக்கும்போது ஒரு ஏக்கம் கேட்கும், வழுக்கும்போது அது கேட்காது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டு, "இது இழுப்புதான்" என்று முடிவு செய்தபோது விடிந்துவிட்டது. என் காது, என் விரல், என் தூக்கம். யார் புத்தகத்தையும் பார்த்து எழுதவில்லை. அப்புறம் எப்படி அது என்னுடையது இல்லாமல் போகும் என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த அறிவிப்பை வரிவரியாகப் படித்தேன். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. பதிவு செய்த ஒலிக்கு ஒன்று, மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்புக்கு ஒன்று. டேப் தொடுவது இரண்டாவதை. அதனால்தான் கடிதம் ரெக்கார்டு நிறுவனத்திடமிருந்து வராமல் பதிப்பகத்திடமிருந்து வந்திருக்கிறது. மெட்டை எந்த வழியாகப் பிடித்தாலும், அதை எழுதிப் பொதுவில் வைத்தால் அந்தப் படைப்பின் பிரதி ஒன்றை வெளியிட்டதாகத்தான் கணக்கு. (நம்மில் பலர் இதைக் காப்புரிமை என்கிறோம். அந்தச் சொல் கண்டுபிடிப்புகளுக்கும் புழங்குவதால் குழப்பம் வருகிறது. இங்கே பேச்சு பதிப்புரிமை பற்றி.)

மறுப்பு அறிவிப்பு அனுப்பவும் வழி இருந்தது. அமெரிக்கச் சட்டப்படி மறுப்பு அனுப்பினால், புகார் கொடுத்தவர் வழக்குப் போடாத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பக்கத்தைத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் அது தவறாக எடுக்கப்பட்டவற்றுக்கான வழி. என்னுடையது தவறாக எடுக்கப்பட்டது என்று சத்தியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மீதி 37-ஐயும் நானே எடுத்துவிட்டேன்.

இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா?

ஆறாங்கம்பி

கரிச்சான் தம்பி, மூன்று இரவின் அருமை எனக்குத் தெரியும். நான் பழைய ஆள். இணையத்தில் டேப் என்றால் எங்களுக்கு அப்போது ஓல்காதான். 1992-இல் ஜேம்ஸ் பெண்டர் என்பவர் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகக் கணினியில் தொடங்கிய கிட்டார் காப்பகம் அது. படம் கிடையாது, ஒலி கிடையாது. சிறுகோடுகளைத் தட்டித் தட்டி ஆறு வரி, அதன் நடுவே எண்கள். இப்படி:

|--0-----------|
|-----1-----1--|
|--------0-----|
|-----------2--|
|--3-----------|
|--------------|

மேல் வரி மெல்லிய கம்பி, 0 என்றால் விரல் வைக்காமல் மீட்டுவது. எவ்வளவு நேரம் நீட்ட வேண்டும் என்று இதில் இருக்காது. பாட்டு ஏற்கனவே காதில் இருந்தால்தான் வாசிக்க முடியும். ஆனாலும் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பு) படிக்கத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு வாசலையே திறந்துவிட்டது.

1996-இல் ஒரு பெரிய இசைப் பதிப்பகத்தின் கடிதம் வந்ததும் பல்கலைக்கழகம் இடத்தை மூடியது. காப்பகம் வேறு இடங்களுக்குப் போய்ப் பிழைத்தது. 1998-இல் இன்னொரு தாக்குதல். 2006-இல் அமெரிக்க இசைப் பதிப்பாளர் சங்கங்களின் கடிதத்தோடு நிரந்தரமாக மூடியது. நான் அதற்கு இரண்டு டேப் எழுதி அனுப்பியிருந்தேன். பிரதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கே போகப்போகிறது என்ற நினைப்புதான்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று. இது தீர்ப்பு வரைக்கும் போகவே இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டுக்கு நான்கு கேள்விகள் உண்டு: எதற்காகப் பயன்படுத்தினாய், எந்த மாதிரிப் படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதன் சந்தையை அது பாதித்ததா. காதால் எடுத்த, பிழைகள் நிறைந்த, இலவச டேப் அந்த நான்கில் எங்கே நிற்கும் என்று ஒரு நீதிபதி உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். காப்பகத்தை நடத்தியவர்களிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, மூடிவிட்டார்கள். பதிப்பகங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவர்கள் அச்சிட்டு விற்கும் பாட்டுப் புத்தகத்தின் இடத்தைத்தான் இலவச டேப் பிடிக்கிறது. ஆனால் பணம் இல்லாத காரணத்தால் ஒரு கேள்வி பதில் இல்லாமலே முடிந்துபோனதை என்னால் சரி என்று ஏற்க முடியவில்லை.

அப்புறம் 2010-இல் அல்டிமேட் கிட்டார் என்ற டேப் தளம், பதிப்பகங்கள் சார்பில் உரிமம் கொடுக்கும் ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியோடு உரிம ஒப்பந்தம் போட்டது. அந்தத் தளத்திலிருந்து பாட்டு எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் பங்கு போகும் வழி அப்போது பிறந்தது. 1992-லிருந்து எண்ணினால் 18 வருடம்.

சின்னவிரல்

அண்ணா, ஒரு சந்தேகம். "கல்விக்காக மட்டும்" என்று கீழே எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை என்கிறார்களே? நான் இதுவரை போட்ட எல்லாவற்றிலும் அந்த வரியை எழுதியிருக்கிறேன். கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மட்டும் போட்டால்?

மெட்டுக்காரி

தம்பி, அந்த வரி எந்த உரிமையையும் கொடுக்காது. என்ன செய்கிறோம் என்பதைத்தான் சட்டம் பார்க்கும், அதற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதைப் பார்க்காது. "என் டேப்பில் தப்பு இருக்கிறது, அதனால் இது காப்பி இல்லை" என்பதும் நிற்காது. மெட்டு அடையாளம் தெரிந்தால் போதும். கார்டு வரிசையை மட்டும் தனியாக யாரும் சொந்தம் கொண்டாடுவது கடினம், ஒரே நான்கு கார்டில் ஆயிரம் பாட்டு இருக்கிறது. ஆனால் நாம் கார்டைப் பாட்டு வரிகளுக்கு மேலேதானே எழுதுகிறோம்? அந்த வரிகளுக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் சொல்கிறேன். கவர் பதிவுக்கு (பிறர் பாட்டை நாம் வாசித்துப் பதிவு செய்வது) உரிமம் வாங்கினேன், அதனால் டேப்பும் போடலாம் என்று ஒரு மாணவர் நினைத்திருந்தார். பதிவுக்கான உரிமம் வேறு, எழுதிக் கொடுப்பதற்கான உரிமம் வேறு.

என் அனுபவம்: நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பு வாராவாரம் இணையத்தில் தேடி டேப் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் ஒரே பாட்டுக்கு மூன்று தளத்திலிருந்து மூன்று பேர் டேப் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு. யாரோ ஒருவர் செய்த பிழையை மற்றவர்கள் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பாட்டைப் போட்டுக் காட்டி, "இந்த இடம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டேன். மூன்று பேரும் தாளைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். முதலில் பாட்டின் அடித்தள ஸ்வரத்தைப் பாடச் சொல்வேன். பாடியதைத் தடித்த கம்பியில் தேடச் சொல்வேன். பிறகு வேகத்தைக் குறைத்து நான்கு நான்கு ஸ்வரமாக அவர்களே டேப் எழுத வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஒன்று முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஐந்து ஸ்வரம் எழுதியது. அந்தத் தாளை மடித்துக் கிட்டார் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. தனக்காக எழுதிப் பழகுகிற தாளைத் தேடி எந்தப் பதிப்பகமும் வராது. பொதுவில் ஏற்றுவதுதான் வேறு விஷயம். கட்டாயம் முழு டேப் வேண்டுமென்றால் உரிமம் உள்ள தளத்தில் காசு கொடுத்து எடுக்கச் சொல்கிறேன்.

நள்ளிரவு ரிஃப்

மெட்டுக்காரி அக்கா சொன்ன அந்த ஒட்டுப் பிழை... அது மாதிரி ஒன்று என்னுடையது. ஐந்தாவது வரியில் 5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 7 என்று எழுதியிருந்தேன். மூன்று வருடம் கழித்து ஒருவர் நூறு பாட்டு டேப் தொகுப்பு என்று விற்றுக்கொண்டிருந்தார். மாதிரிப் பக்கத்தில் அதே 7. என் பெயரை மட்டும் அழித்திருந்தார். உடம்பெல்லாம் எரிந்தது. புகார் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். படிவத்தின் முதல் கேள்வியே "இந்தப் படைப்பின் உரிமையாளர் நீங்களா?" என்பதுதான். அந்தக் கட்டத்தில் கை நின்றுவிட்டது. பாட்டு எழுதியவரிடம் நானும் ஒரு வார்த்தை கேட்டதில்லையே. படிவத்தை மூடிவிட்டேன்.

தந்திமீட்டி

நான் செவ்வியல் கிட்டார் பக்கம். எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்று நினைத்திருந்தேன். எங்கள் பழைய இசையமைப்பாளர்களில் சோர் இறந்தது 1839-இல், டாரெகா 1909-இல். பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டு பாதுகாப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 70, இந்தியாவில் 60. எப்படிக் கணக்குப் போட்டாலும் இவர்கள் பொதுச் சொத்து. அந்தத் தைரியத்தில் டாரெகாவின் சின்ன உருப்படி ஒன்றை என்னிடமிருந்த புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்து ஏற்றினேன். பக்கத்தை எடுத்துவிட்டார்கள். எனக்குப் புரியவே இல்லை, இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே!

புத்தகத்தின் முன்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பதிப்பாசிரியர் இன்றைய மனிதர். எந்த விரலை எங்கே வைப்பது என்று அவர் புதிதாக எழுதியிருந்தார், சில இடங்களில் குரல்களையும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் தனித்தனி ஸ்வர வரிசைகள்) மாற்றி அமைத்திருந்தார். டாரெகாவின் இசை எல்லோருக்கும் சொந்தம், அவர் சேர்த்தது அவருக்குச் சொந்தம். பிறகு பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, என் விரல் எண்களை நானே போட்டு டேப் எழுதி ஏற்றினேன். இன்றுவரை அங்கேயே இருக்கிறது. டேப்பைப் பகிர ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள், எழுதப்படாத உருப்படிகள் எவ்வளவோ கிடக்கின்றன.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். டேப் இணையத்தில் பிறந்ததில்லை. 1507-இல் வெனிஸில் ஓட்டாவியானோ பெட்ருச்சி லூட் என்ற பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியத்துக்கான டேப்லேச்சரை (டேப் என்பதன் முழுப் பெயர் இதுதான்) அச்சிட்டார். இதே மாதிரி கோடுகள், எண்கள். ஆனால் தலைகீழ், மேல் ஸ்தாயிக் கம்பி கீழ் வரியில் இருக்கும். அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1498-இல், இசை அச்சிடுவதற்கு 20 ஆண்டுத் தனிச்சலுகை அவருக்கு வெனிஸ் அரசிடமிருந்து கிடைத்திருந்தது. லூட் டேப்லேச்சரும் அதில் சேர்த்தி. வேறு யாரும் அங்கே அச்சிடக் கூடாது. டேப் அச்சேறுவதற்கு முன்பே அதன் உரிமை எழுதப்பட்டுவிட்டது!

கரிச்சான்

எல்லோருக்கும் நன்றி. நள்ளிரவு ரிஃப் எழுதியதைப் படித்த அன்று ஒரு காரியம் செய்தேன். நான் எடுத்த 43-இல் ஒரு பாட்டு, தன் பாடல்களைத் தானே வெளியிடுகிற ஒரு கலைஞருடையது. பதிப்பகம் எதுவும் நடுவில் இல்லை. டேப்பை இணைத்து, "இதை என் தளத்தில் வைக்க அனுமதி உண்டா?" என்று எழுதினேன். பதினைந்து நாள் பதில் இல்லை. சரி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

நேற்று வந்தது. வைத்துக்கொள்ளலாம், பாட்டை எழுதியவர் பெயரை மேலே போடு, விற்காதே என்று இருந்தது. அதோடு ஒரு திருத்தம்: "தொடக்கத்தில் கீழ் ஸ்வரத்தை நான்காம் கம்பியில் எழுதியிருக்கிறாய். நான் ஆறாம் கம்பியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி வாசித்தேன்."

இத்தனை நாளும் அந்தப் பாட்டின் அடியில் ஒரு 'தும்' கேட்கும். அது பாஸ் கிட்டார் என்றே நினைத்திருந்தேன். இன்று ஆறாம் கம்பியின் கீயைத் திருகி E ஸ்வரத்திலிருந்து D ஸ்வரத்துக்கு இறக்கி மீட்டினேன். கிட்டாரின் முதுகுப் பலகை வயிற்றில் அதிர்ந்தது. அது பாஸ் இல்லை, அந்த ஒற்றைக் கம்பிதான். திருத்திய டேப்பை இன்று இரவு அவருக்கே முதலில் அனுப்புகிறேன்.