முடி கொட்டினால் முதல் குற்றவாளி போர் தண்ணீர்

அம்மாப்பேட்டையிலிருந்து:

சேலத்தில் யாருக்கு முடி கொட்டினாலும் பழி போர் தண்ணீர் மேல்தான் விழும். நான் பிறந்தது ஏற்காட்டில், கல்யாணமாகி இங்கே வந்து நாலு வருஷம். "மலைத் தண்ணியில வளந்த முடி, உப்புத் தண்ணி ஒத்துக்கல" என்று மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார். மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் தலைக்கென்றே ரெண்டு குடம் தனியாகப் பிடித்து வைத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. ஈரத் தலையில் விரலை விட்டால் கொத்தாக வரும். வீட்டுக்காரர் கண்ணில் படுவதற்குள் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன்.

அப்புறம் ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். அங்கே ஒருத்தரும் என் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வழுக்கைப் படங்களாகக் காட்டி, 45,000 ரூபாய்க்கு ஆறு சிட்டிங், தவணையும் உண்டு என்றார்கள். பணம் இல்லாததால் தப்பித்தேன். கையில் திணித்த பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை மட்டும் வாங்கி வந்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

கொலுசுப் பட்டறைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காதான் விடாமல் ஜி.எச். தோல் பிரிவுக்கு இழுத்துப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா வகிடு எடுத்துப் பார்த்தார். பிறகு ஐம்பது அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து மெதுவாக இழுத்தார். கையோடு வந்ததைத் தாளில் வைத்து எண்ணினார்: 11. "ஒவ்வொண்ணு அடியிலயும் வெள்ளையா குமிழ் தெரியுதா? உடையலம்மா, வேரோட விழுது. தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், உடைக்கும். இப்படி உதிர்க்காது. கொட்ட ஆரம்பிச்சதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி உடம்புக்கு என்ன வந்துச்சு?"

ஐப்பசியில் டெங்கு. தையில் முடி. சரியாகிப்போன காய்ச்சலை யார் நினைத்துப் பார்த்தார்கள்! பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் எது வந்தாலும் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுமாம், ரெண்டு மூணு மாதம் கழித்துத்தான் விழுமாம். வேறு கோளாறு இல்லையென்றால் சில மாதத்தில் தானாக நின்றுவிடும் என்றார்.

எனக்கு வேறு கோளாறும் இருந்தது. ஹீமோகுளோபின் 12.1, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 11. மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்று அப்போதுதான் ஒருத்தர் என்னைக் கேட்டார். தைராய்டு டெஸ்டுக்கு முன் பயோட்டினைச் சில நாள் நிறுத்தச் சொன்னார், அது ரிசல்டையே மாற்றிக் காட்டிவிடுமாம்.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை போனபோது, அதை எதோடு போடுகிறாய் என்றார். காலைக் காபியோடு என்றேன். சிரித்துவிட்டார். காபியும் டீயும் இரும்பை உடம்பில் ஏறவிடாது. ஏற்காட்டுக்காரியிடம் இதைச் சொன்னால் எப்படி? எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரிப் புளிப்போடு போட்டால் நன்றாக ஏறுமாம். அதுவும் எங்கள் காபித் தோட்டத்துக்குள்ளேயே நிற்கிற மரம்தான். எட்டு மாதமாகிறது. நெற்றியோரம் குட்டி முடி கோரைப்புல் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது, எண்ணெய் தடவினாலும் படியமாட்டேன் என்கிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

எனக்கு வந்தது புழுவெட்டு. பின்னந்தலையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். அத்தை சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகிவிட்டது. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லையாம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது என்றார் தோல் டாக்டர். அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி, மாதம் ஒருமுறை. முதலில் முளைத்தது வெள்ளை முடி. அதைப் பார்த்து ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். அப்புறம் கறுத்துவிட்டது.

நாகலூரிலிருந்து:

வயது 48. எனக்குக் கொத்தாகவெல்லாம் கொட்டவில்லை, வகிடு மட்டும் வருஷத்துக்கு வருஷம் அகலமானது. தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து கொடுத்தார்கள். போட்ட முதல் மாதம் முன்னைவிட அதிகமாகக் கொட்டியதால் பாட்டிலை ஓரம் கட்டிவிட்டேன். தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும், ஆறு மாதம் பொறுத்துத்தான் பலன் தெரியும், நிறுத்தினால் வந்ததும் போய்விடும் என்று ரெண்டாவது தடவை போனபோதுதான் சொன்னார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சம். மாசமாக இருக்கும் என் மருமகள் தனக்கும் வேண்டும் என்றாள். தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். அம்மாப்பேட்டைத் தங்கச்சி, காபியை அடியோடு விட்டுவிட்டாயா?

அம்மாப்பேட்டையிலிருந்து:

விடுவேனா அக்கா! காபி ஆறு மணிக்கு. மாத்திரை பதினோரு மணிக்கு, எலுமிச்சைச் சாறோடு.