கிரீமியப் போர் ஒரு தேவாலயச் சாவிக்காகவா தொடங்கியது?

மருதன்77 கேட்டது:

வணக்கம். தங்கை போட்டித் தேர்வுக்கு உலக வரலாறு படிக்கிறாள். 1853 முதல் 1856 வரை நடந்த கிரீமியப் போரைப் பற்றி அவளுடைய குறிப்பில், ‘பெத்லகேம் தேவாலயத்தின் சாவி யாருக்கு என்ற தகராறில் மூண்டது’ என்று ஒரே வரி இருக்கிறது. ரஷ்யா, துருக்கி, பிரான்ஸ், பிரிட்டன் என்று நான்கு பேரரசுகள் ஒரு சாவிக்காகவா லட்சக்கணக்கான உயிர்களைப் பலி கொடுத்தன? இன்னொரு குழப்பமும் உண்டு. முதல் மோதல்கள் டான்யூப் நதிக்கரையில் நடந்திருக்கின்றன. அப்புறம் ஏன் பிரிட்டனும் பிரான்ஸும் கருங்கடலைத் தாண்டிப் போய் கிரீமியாவில் இறங்கின? தெரிந்தவர்கள் சொன்னால் இரண்டு பேரும் படித்துக்கொள்வோம்.

பழையமாலுமி எழுதியது:

தம்பி, நான் வணிகக் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கருங்கடலில் இருக்கும் வார்னா, கான்ஸ்டான்ட்சா துறைமுகங்களுக்குப் போய்வந்த காலத்தில்தான் இந்தப் போரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கடலும் நீரிணைகளும் கண்ணில் படாமல் இந்தப் போர் புரியாது.

சாவிச் சண்டை பொய்யில்லை. 1852 டிசம்பரில் பெத்லகேம் தேவாலயத்தின் பிரதான வாசல் சாவியை, அந்த ஊரை அப்போது ஆண்ட துருக்கிச் சுல்தான் கத்தோலிக்கர்களுக்குக் கொடுத்தார். பிரான்ஸின் நெருக்கடியால் நடந்த காரியம் அது. அங்கே லூயி நெப்போலியன் அந்த மாதம்தான் பேரரசராகியிருந்தார். கத்தோலிக்கர்களின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. ரஷ்யாவின் ஜார் முதலாம் நிக்கோலஸ் இதைத் தன் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவப் பிரிவுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் உங்கள் தங்கை கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புனிதத் தலங்களைப் பற்றிய அந்தத் தகராறு 1853 மே மாதத் தொடக்கத்திலேயே பேசித் தீர்க்கப்பட்டுவிட்டது. துருக்கித் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஸ்ட்ராட்ஃபோர்டு அதற்கு உதவினார். போர் அதற்குப் பிறகுதான் வந்தது. ஜார் அனுப்பிய தூதர் இளவரசர் மென்ஷிகோவ் வேறொரு கோரிக்கையையும் கையில் வைத்திருந்தார். துருக்கிப் பேரரசில் வாழும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அனைவருக்கும் ரஷ்யாவே பாதுகாவலர் என்று ஒப்பந்தம் எழுதித்தர வேண்டும் என்பது அது. சுல்தானின் குடிகளில் ஒரு கோடிப் பேருக்கு மேல் ஆர்த்தடாக்ஸ்காரர்கள். இன்னொரு நாட்டு மன்னரை அவர்களுக்குக் காவலராக ஏற்றுக்கொண்டால் சுல்தானுக்கு என்ன மிஞ்சும்? துருக்கி மறுத்தது. மென்ஷிகோவ் மே 21 அன்று கப்பலேறிவிட்டார். ஜூலைத் தொடக்கத்தில் ரஷ்யப் படை புரூத் நதியைக் கடந்து மால்டாவியா, வலாக்கியா என்ற இரண்டு டான்யூப் மாநிலங்களுக்குள் நுழைந்தது. இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதி அது.

நிக்கோலஸ் இவ்வளவு துணிந்ததற்கு அவர் போட்ட கணக்குகள்தான் காரணம். 1849-இல் ஹங்கேரியக் கிளர்ச்சியை அடக்கப் படை அனுப்பி ஆஸ்திரியாவைக் காப்பாற்றியவர் அவர். அந்த நன்றிக்காக ஆஸ்திரியா தன் பக்கம் நிற்கும் என்று நம்பினார். 1844-இல் லண்டன் போய்ப் பேசியபோது துருக்கி சரிந்தால் என்ன செய்வது என்பதில் பிரிட்டனோடு ஒரு புரிதல் ஏற்பட்டுவிட்டதாக நினைத்தார். அன்று அவரோடு பேசிய வெளியுறவு அமைச்சர் அபர்டீன்தான் இப்போது பிரதமர். முதலாம் நெப்போலியனை வீழ்த்திய பிரிட்டன் அவருடைய தம்பி மகனான லூயி நெப்போலியனோடு கைகோக்கும் என்று நிக்கோலஸுக்குத் தோன்றவேயில்லை. மூன்று கணக்குமே தப்பாகப் போயின.

கடல்காரன் என்ற முறையில் என் மனதை விட்டுப் போகாத விஷயம் ஒன்று. 1853 ஜூனில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போகும் கடல்வழியான தார்தனெல்ஸ் நீரிணைக்கு வெளியே பெசிகா விரிகுடாவில் வந்து நின்றன. 1841 உடன்படிக்கைப்படி, துருக்கி சமாதானத்தில் இருக்கும்வரை அயல்நாட்டுப் போர்க்கப்பல் நீரிணைக்குள் நுழையக் கூடாது. பெசிகா திறந்த இடம். இலையுதிர்காலக் காற்று கிளம்பிவிட்டால் பாய்மரக் கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு நிற்பது ஆபத்து. பின்வாங்கினால் ஐரோப்பாவே பயந்து ஓடிவிட்டார்கள் என்று சொல்லும். உள்ளே போனால் ரஷ்யாவுக்குச் சவால் விட்டதாகும். அமைச்சர்கள் மேசையில் உட்கார்ந்து வாதிட்டுக்கொண்டிருக்க, பருவநிலை அவர்களைப் பிடித்துத் தள்ளியது. அக்டோபர் 4 அன்று துருக்கி போரை அறிவித்தது. கப்பல்களும் நீரிணைக்குள் நுழைந்தன.

இடையில் வியன்னாவில் ஒரு சமரசக் குறிப்பு எழுதப்பட்டது. ரஷ்யா ஒப்புக்கொண்டது, துருக்கி திருத்தம் கேட்டது. ரஷ்யா அந்தக் குறிப்புக்குத் தனக்குச் சாதகமாகப் பொருள் கொண்டிருப்பது பத்திரிகையில் வெளியானதும் அந்த முயற்சியும் செத்தது.

செம்பருத்தி எழுதியது:

மாலுமி ஐயா சொன்னதோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. மதத்தை வெறும் சாக்காக ஒதுக்கிவிடக் கூடாது. 1846-இல் கத்தோலிக்கர்களுக்கும் ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கும் ஈஸ்டர் ஒரே நாளில் வந்தது. பெரிய வெள்ளியன்று எருசலேமில் இயேசுவின் கல்லறைத் தேவாலயத்துக்குள்ளேயே இரு தரப்புத் துறவிகளும் மோதி, நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ரஷ்ய ஏழைகள் நடந்தும் கப்பலேறியும் அந்தத் தலங்களுக்குப் போனார்கள். நிக்கோலஸ் தன்னைக் கடவுள் நியமித்த காவலராக உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அவர் அந்த இரண்டாவது கோரிக்கையை வைத்திருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம்.

மருதன்77 எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. தங்கை ஒரு கேள்வி கேட்கிறாள். போரை அறிவித்தது துருக்கி. அப்படியானால் சினோப்பில் ரஷ்யா துருக்கிக் கப்பல்களை அழித்தது போர்ச் செயல்தானே? அதை ஏன் படுகொலை என்கிறார்கள்?

பழையமாலுமி எழுதியது:

செம்பருத்தி சொல்வது சரி. நிக்கோலஸின் பக்தியை நான் சந்தேகப்படவில்லை. அந்த பக்தியோடு அவருடைய கடற்படையும் கிரீமியாவின் செவாஸ்தபோல் துறைமுகத்தில் தயாராக நின்றது என்பதைத்தான் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

தங்கையின் கேள்வி நல்ல கேள்வி. சட்டப்படி அது போர்ச் செயல்தான். 1853 நவம்பர் 30. துருக்கியின் வடகரையில் இருக்கும் சினோப் துறைமுகத்தில் உஸ்மான் பாஷாவின் அணி நங்கூரமிட்டு நின்றது. 7 ஃபிரிகேட்டுகள் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள்), சில சிறு கப்பல்கள், 2 நீராவிக் கப்பல்கள். ரஷ்யத் தளபதி நகிமோவ் 6 பெரிய போர்க்கப்பல்களோடு உள்ளே வந்தார். அவருடைய பீரங்கிகள் வெடிகுண்டுகளைச் சுட்டன. மரக்கப்பலின் பக்கவாட்டில் திடக்குண்டு பட்டால் ஓட்டை விழும், தச்சன் அடைத்துவிடலாம். வெடிகுண்டு உள்ளே புகுந்து வெடித்தால் கப்பலே தீப்பிடிக்கும். சில மணி நேரத்தில் எல்லாம் எரிந்தது, நகரமும் சேர்ந்து எரிந்தது. தாயிஃப் என்ற ஒரு நீராவிக் கப்பல் மட்டும் தப்பித்துப் போய்ச் செய்தி சொன்னது. துருக்கியர் சுமார் 3,000 பேர் மாண்டார்கள். ரஷ்யர்களில் இறந்தவர்கள் 40-க்கும் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வுதான் லண்டன் பத்திரிகைகளைப் ‘படுகொலை’ என்று எழுத வைத்தது. அதைவிட அவர்களை உறுத்தியது வேறு. துருக்கியைக் காக்க வந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் அந்த நேரத்தில் பாஸ்பரஸ் நீரிணையில் சும்மா நின்றுகொண்டிருந்தன. 1854 ஜனவரியில் அவை கருங்கடலுக்குள் போயின. மார்ச் 27, 28 தேதிகளில் பிரான்ஸும் பிரிட்டனும் போரை அறிவித்தன.

இப்போது டான்யூப். இந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. எனக்கு அது வருத்தம். துருக்கிப் படை ஒன்றுக்கும் உதவாத படை என்று அன்றைய ஐரோப்பா நினைத்தது. ஓமர் பாஷா 1853 நவம்பர் 4 அன்று ஒல்டெனிட்சாவில் ரஷ்யரைப் பின்வாங்க வைத்தார். ஆஸ்திரிய எல்லைப்பகுதியில் செர்பியக் குடும்பத்தில் பிறந்து, துருக்கிக்கு வந்து தளபதியானவர் அவர். அடுத்த ஆண்டு மார்ச்சில் ரஷ்யா நதியைக் கடந்தது. மே மாதம் சிலிஸ்ட்ரா கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைக்கு வெளியே அராப் தாபியா என்ற மண் அரண். அதன்மேல் திரும்பத் திரும்பத் தாக்குதல். கோட்டைத் தளபதி மூசா பாஷா குண்டுபட்டு இறந்தார். ஆனாலும் கோட்டை விழவில்லை. ரஷ்யப் பெருந்தளபதி பாஸ்கேவிச் தன் முதுகுக்குப் பின்னால் ஆஸ்திரியா படை திரட்டுவதைப் பார்த்து முதலிலிருந்தே தயங்கினார். ஜூன் கடைசியில் முற்றுகை விலக்கப்பட்டது. ஆகஸ்டில் ரஷ்யா அந்த இரண்டு மாநிலங்களையும் காலி செய்ய, ஆஸ்திரியப் படை அங்கே நுழைந்தது.

சாவி 1853 மேயில் தீர்ந்தது. டான்யூப் மாநிலங்களின் பிரச்சினை 1854 ஆகஸ்டில் தீர்ந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் அதுவரை ரஷ்யாவோடு ஒரு பெரிய நிலப்போர்கூடச் செய்யவில்லை. அன்றே வீடு திரும்பியிருக்கலாம். ஏன் திரும்பவில்லை என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி.

சினோப்பை எரித்த கப்பல்கள் செவாஸ்தபோலில் பத்திரமாக நின்றன. அங்கிருந்து சில நாளில் கான்ஸ்டான்டினோபிள் வாசலுக்கு வந்துவிடலாம். அந்தத் தளத்தை அழிக்காமல் விட்டால் மீண்டும் இதே கதைதான் என்று பிரிட்டிஷ் அமைச்சரவை கருதியது. கோபத்தில் இருந்த மக்களும் வெற்றி கேட்டார்கள். இந்தியாவுக்கான வழிகளையும் கிழக்கு மத்தியதரைக் கடல் வணிகத்தையும் பற்றிய பயம் ஏற்கெனவே இருந்தது.

வார்னாவில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளை அதற்குள் காலரா பிடித்துக்கொண்டது. ஒரு தோட்டாகூடச் சுடாத ஆயிரக்கணக்கானோர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். அந்தத் துறைமுகத்தில் நிற்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன். செப்டம்பர் முதல் வாரத்தில் மிச்சமிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் கிளம்பின. வார்னாவிலிருந்து கிரீமியக் கரையில் இருக்கும் எவ்பதோரியா 300 கடல் மைலுக்கும் குறைவு. செப்டம்பர் 14 அன்று கலமிட்டா விரிகுடாவில் இறங்கினார்கள். முதல் இரவே மழை. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கூடாரம் இல்லை. நோயாளிகளை ஏற்றும் வண்டிகளை வார்னாவிலேயே விட்டு வந்திருந்தார்கள்.

யாழ்வாசகி எழுதியது:

சிலிஸ்ட்ராவைப் பற்றி ஒரு சேர்க்கை. முற்றுகைக்குள் துருக்கியரோடு நின்று அராப் தாபியாவைக் காத்தவர்களில் இரண்டு இளம் பிரிட்டிஷ் அதிகாரிகள் முக்கியமானவர்கள். ஒருவர் கேப்டன் பட்லர், நம்ம இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவின் சிப்பாய்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். மற்றவர் பம்பாய் பீரங்கிப் படையின் லெஃப்டினன்ட் நாஸ்மித். இருவருமே அரசு அனுப்பாமல் தாங்களாகப் போனவர்கள். முற்றுகை விலகும் தறுவாயில் பட்லர் காயத்தால் இறந்துபோனார்.

அதோடு, போரால் ரஷ்யாவின் ஹெம்ப் என்ற நாரும் ஆளிநாரும் தடைப்பட்டபோது ஸ்காட்லாந்தின் டண்டி ஆலைகள் வங்காளச் சணலை நாடின. ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தொடங்கியது 1855-இல்தான்.

மருதன்77 எழுதியது:

பிரிட்டனும் பிரான்ஸும் கிரீமியாவின் அல்மா நதிக்கரையில் வென்ற பிறகு உடனே செவாஸ்தபோலைப் பிடிக்காமல் விட்டது ஏன் என்பதையும் சொல்லிவிடுங்கள் ஐயா.

பழையமாலுமி எழுதியது:

பட்லரை நினைவுபடுத்திய யாழ்வாசகிக்கு நன்றி அம்மா.

அல்மா போர் செப்டம்பர் 20. நதிக்குத் தெற்கே மேட்டில் மென்ஷிகோவ் படை, கான்ஸ்டான்டினோபிளுக்குத் தூது போன அதே மென்ஷிகோவ். கடலோரச் செங்குத்துப் பாறையில் யாரும் ஏற முடியாது என்று அவர் அந்தப் பக்கம் சரியாகக் காவல் போடவில்லை. வட ஆப்பிரிக்காவில் பழகிய பிரெஞ்சு ஸுவாவ் வீரர்கள் ஏறிவிட்டார்கள். பிரிட்டிஷார் நேராக நதியைக் கடந்து பீரங்கி அரணை நோக்கி மேலே ஏறினார்கள். அவர்கள் கையில் மினியே ரைபிள். ரஷ்யரிடம் பெரும்பாலும் பழைய வழவழப்புக் குழல் துப்பாக்கி, அதன் தோட்டா பாதித் தூரம்கூடப் போகாது. இருதரப்பிலும் 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள்.

துரத்திப் போகாததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிரெஞ்சு வீரர்கள் முதுகுப்பைகளை நதிக்கு அந்தப் பக்கம் கழற்றி வைத்திருந்தார்கள். தளபதி செயின்ட் ஆர்னோ சாகக் கிடந்தார், 29-ஆம் தேதி இறந்தும் போனார். ரஷ்யர்கள் தங்கள் கப்பல்களையே துறைமுக வாயிலில் மூழ்கடித்து வழியை அடைத்துவிட்டார்கள். கடற்படையின் துணை இல்லாமல் வடக்குக் கரைக் கோட்டையைத் தாக்க பிரிட்டிஷ், பிரெஞ்சு நேசத் தளபதிகள் துணியவில்லை. நகரைச் சுற்றிக்கொண்டு தெற்கே பலக்லாவா போனார்கள். அங்கே போனதும் தாக்கியிருக்கலாம், தெற்குப் பக்க அரண்கள் அப்போது பாதிகூட முடியவில்லை. ஆனால் முற்றுகைப் பீரங்கிகள் கரையேறட்டும் என்று காத்தார்கள்.

அந்த மூன்று வாரம் டோட்லெபென் என்ற பொறியாளருக்குப் போதுமானதாக இருந்தது. மாலுமிகள், பெண்கள், கைதிகள் எல்லோரும் இரவு பகலாக மண் சுமந்தார்கள். கப்பல் பீரங்கிகளைக் கழற்றிக் கரையில் ஏற்றினார்கள். அக்டோபர் 17 காலை நேசப்படைகள் குண்டுவீச்சைத் தொடங்கின. கொர்னிலோவ் என்ற ரஷ்யத் தளபதி அன்றே மலகோவ் குன்றில் இறந்தார். ஆனால் பிரெஞ்சு வெடிமருந்துக் கிடங்கு வெடித்து அவர்கள் பீரங்கிகள் அடங்கிவிட்டன. இடிந்த அரண்களை ரஷ்யர்கள் இரவோடு இரவாகக் கட்டி எழுப்பினார்கள். நகரம் விழ 1855 செப்டம்பர் ஆயிற்று.