ஹெக்சேன் ஊற்றிய பிறகு படலத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள்

பினாங்கு மாணவி:
வணக்கம். உப்பு நீக்கும் சவ்வுக்காக, பாலிசல்போன் என்ற நுண்துளைப் பிளாஸ்டிக் தாங்கியின் மேல் பாலியமைடு படலம் வளர்க்கிறேன். தண்ணீரில் 2 சதவீதம் எம்.பி.டி. (மெட்டா ஃபீனிலீன் டையமீன்), தண்ணீரோடு கலக்காத ஹெக்சேனில் 0.1 சதவீதம் டி.எம்.சி. (டிரைமெசாயில் குளோரைடு). இரண்டும் சந்திக்கும் இடத்தில் படலம் உருவாகும். தாங்கியை எம்.பி.டி. கரைசலில் இரண்டு நிமிடம் ஊறவைத்து, சாய்த்து வடித்து, ஹெக்சேன் கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் விடுகிறேன். அப்புறம் 70 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம். 2000 பி.பி.எம். உப்பு நீரில் சோதித்தால் ஒரு நாள் 91 சதவீதம் உப்பைத் தடுக்கிறது, மறுநாள் 60தான். வெளிச்சத்தில் பார்த்தால் கடுகளவு வட்டங்கள். சில நாள் ஹெக்சேன் கரைசலே லேசாகக் கலங்கியிருக்கிறது. மூன்று மாதம் போய்விட்டது. டி.எம்.சி. அளவைக் கூட்டட்டுமா?

கேஎல் சவ்வுக்காரன்:
வேண்டாம் தங்கச்சி, அளவு சரியாகத்தான் இருக்கிறது. அந்த வட்டங்கள் வடியாமல் நின்ற நீர்த்துளிகள். டி.எம்.சி. தண்ணீருக்குள் போகாது. எம்.பி.டி.தான் ஹெக்சேன் பக்கம் ஏறி வந்து வினைபுரிகிறது. படலம் உருவானதுமே அடுத்து வரும் எம்.பி.டி.க்கு அதுவே தடுப்பாகிவிடும். அதனால்தான் 100, 200 நானோமீட்டர் அளவிலேயே வளர்ச்சி நின்றுவிடுகிறது. துளி இருக்கும் இடத்தில் படலம் தாங்கியைப் பிடிக்காமல் துளியின் மேல் மிதக்கும். சோதனையில் 15 பார் அழுத்தம் கொடுத்ததும் அங்கேதான் கிழியும்.

சாய்த்து வடித்தால் போதாது. ரப்பர் உருளையை ஒரே சீரான அழுத்தத்தில் உருட்டுங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது மேற்பரப்பின் பளபளப்பு மங்கும், அந்த நொடியில் ஹெக்சேனை ஊற்றுங்கள். அதற்கு மேல் காயவிட்டால் துளைகளில் இருக்கும் கரைசலும் வற்றிவிடும்.

கலங்கலுக்கு வேறு காரணம். டி.எம்.சி. சுமார் 36 டிகிரியில் உருகும் பொருள், குளிர்பெட்டியில்தான் வைத்திருப்பீர்கள். நம் ஊர் ஈரத்தில் சில்லென்ற புட்டியை உடனே திறந்தால் உள்ளே நீர் படியும். டி.எம்.சி. ஒரு அமிலக் குளோரைடு, நீர் பட்டால் கார்பாக்சிலிக் அமிலமாகிவிடும், அது ஹெக்சேனில் கரையாது. அந்த வெண்மைதான் உங்களுக்குத் தெரிகிறது. மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்து அப்புறம் திறங்கள். நான் இதைத் தெரியாமல் இரண்டு புட்டிகளைப் பாழாக்கியவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எம்.பி.டி. பழுப்பேறியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், நச்சுப்பொருள், கையுறை கட்டாயம்.

பட்டர்வொர்த் ஆசிரியர்:
நான் பள்ளியில் நைலான் கயிறு செய்து காட்டுவேன். 1959இல் வேதியியலாளர்கள் மார்கனும் குவோலெக்கும் எழுதிக் காட்டிய அதே முறை. இரண்டு கரைசல்களும் சந்திக்கும் இடத்துப் படலத்தை இடுக்கியால் தூக்கினால் உடனே அடியில் புதுப் படலம் பிறக்கும், கயிறாக வந்துகொண்டே இருக்கும். தடுப்பை விலக்கியதும் வினை மறுபடி தொடங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாணவியின் எம்.பி.டி., டி.எம்.சி. ஜோடியால் செய்யும் சவ்வுக்கு வேதியியலாளர் ஜான் கடோட் 1981இல் காப்புரிமை பெற்றார்.

பினாங்கு மாணவி:
அண்ணா, உருளை போட்டு நான்கு தகடு செய்தேன். மூன்றில் வட்டமே இல்லை, 97, 96, 97 சதவீதம்! நான்காவதில் ஓரத்தில் உருளை எட்டவில்லை, அங்கே இரண்டு வட்டம். புதுப் புட்டி திங்கட்கிழமை வருகிறது, அதுவரை திறந்த பழையதைத் தொடப்போவதில்லை.