'வந்திருந்தேன்': டச்சில் ஹட் போடுவதா, வஸ் போடுவதா?

'வந்திருந்தேன்' போல, இறந்தகாலத்துக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லும் காலத்துக்கு டச்சு இலக்கணத்தில் பெயர் ஃபொல்டோய்ட் ஃபெர்லேடன் டைட். வகுப்பில் வே-வே-தே என்று சுருக்குவார்கள். அமைப்பு சின்னதுதான்: துணைவினையாக ஹட் (பன்மைக்கு ஹடன்) அல்லது வஸ் (பன்மைக்கு வாரன்), வாக்கியக் கடைசியில் முடிவெச்சம் (நம் 'சாப்பிட்டு', 'போய்' போன்ற வடிவம்).

தமிழர் இடறுவது இந்த இரண்டில் எதைப் போடுவது என்பதில். நமக்குச் சாப்பிட்டிருந்தான், போயிருந்தான் எல்லாவற்றுக்கும் ஒரே 'இரு'. அந்தப் பழக்கத்தில் 'ஹை வஸ் ஹெஹேட்டன்' என்று வந்துவிடும். டச்சுக்காரர் காதில் அது 'அவனை யாரோ தின்றிருந்தார்கள்' என்று விழும்! சரியானது 'ஹை ஹட் ஹெஹேட்டன்'.

பெரும்பாலான வினைகளுக்கு ஹட்தான். இடமோ நிலையோ மாறுவதைச் சொல்லும் வினைகளுக்கு வஸ்: ஹெஹான் (போய்), ஹெகோமன் (வந்து), ஃபெர்ட்ரொக்கன் (கிளம்பி), ஹெவோர்டன் (ஆகி), பெஹொனன் (தொடங்கி), ஹெபோர்ட் (நடந்து). ஹெப்லேவன் (தங்கி), ஹெவேஸ்ட் (இருந்து) இரண்டிலும் எந்த மாற்றமும் இல்லை, ஆனாலும் வஸ்தான். காரணம் தேடாமல் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சைக்கிள், நடை, நீச்சல் வினைகள் இரண்டு பக்கமும் போகும். 'இக் ஹட் டிரீ யூர் ஹெஃபீட்ஸ்ட்' என்றால் மூன்று மணி நேரம் மிதித்திருந்தேன். 'இக் வஸ் நார் உட்ரெக்ட் ஹெஃபீட்ஸ்ட்' என்றால் உட்ரெக்ட்டுக்கு மிதித்துப் போயிருந்தேன். போய்ச் சேரும் இடம் வந்தால் வஸ்.

நோட்டில் வினையைத் தனியாக எழுதாதீர்கள். 'ஹேஃப்ட் ஹெஹேட்டன்', 'இஸ் ஹெஹான்' என்று நிகழ்காலத் துணைவினையோடு எழுதுங்கள். பிறகு ஹேஃப்ட்டை ஹட் ஆக்கினால், இஸ்ஸை வஸ் ஆக்கினால் வே-வே-தே தயார்.

*

மேலே சொன்னது அமைப்பு. எங்கே போடக் கூடாது என்பதையும் சேர்க்கிறேன். தமிழில் 'இருந்தேன்' வருகிற இடமெல்லாம் வே-வே-தே ஆகாது. 'நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்' என்பது நமக்கு முழு வாக்கியம். டச்சில் அதற்கு 'இக் பென் ஹிஸ்டரன் பை யுலீ ஹெவேஸ்ட்' போதும். பென் என்பது இஸ்ஸின் 'நான்' வடிவம். அதற்குப் பதில் வஸ் போட்டால் கேட்பவர் 'சரி, அப்புறம் என்ன ஆச்சு?' என்று காத்திருப்பார். இந்தக் காலம் நிற்பதற்கு இறந்தகாலத்திலேயே இன்னொரு புள்ளி வேண்டும், வாக்கியத்திலோ பேச்சின் முன்பகுதியிலோ: 'டி ட்ரைன் வஸ் அல் ஃபெர்ட்ரொக்கன், டூன் இக் ஒப் ஹெட் ஸ்டாசியொன் க்வம்.' நான் ஸ்டேஷனுக்கு வந்தது ஒரு புள்ளி, ரயில் போனது அதற்கும் முன்னால்.

தலைகீழ்த் தவறும் உண்டு. 'சாப்பிட்ட பிறகு நடக்கப் போனோம்' என்பதில் தமிழுக்கு 'இரு' தேவையில்லை. டச்சு நாடட் (பிறகு) வந்தால், இறந்தகாலக் கதையில் வே-வே-தே கேட்கும்: 'நாடட் வெ ஹெஹேட்டன் ஹடன், ஹிங்கன் வெ வன்டலன்.' ஹெஹேட்டன் ஹடன், ஹடன் ஹெஹேட்டன் இரண்டு வரிசையும் சரி, ஆசிரியர் திருத்தினால் வாதாடலாம். கமாவுக்குப் பிறகு 'வெ ஹிங்கன்' என்று எழுதினால்தான் தவறு. அங்கே வினை முந்த வேண்டும்.

*

உண்மையான கண்ணி 'சொல்லியிருக்க வேண்டும்' என்பதில் இருக்கிறது. தமிழில் இதற்கு இரண்டு பொருள்: (1) சொல்லாமல் விட்டது தப்பு, (2) அவன் சொல்லியிருப்பான் என்று ஊகம். டச்சு இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது.

தப்பு என்றால் 'ஹை ஹட் ஹெட் மூட்டன் ஸெஹன்.' ஊகம் என்றால் 'ஹை மூட் ஹெட் ஹெஸெஹ்ட் ஹெபன்.' தமிழை அப்படியே மாற்றுபவர் வாயில் எப்போதும் இரண்டாவதுதான் வரும், ஏனென்றால் நாம் இறந்தகாலத்தைச் 'சொல்லி' மேல் ஏற்றுகிறோம். டச்சு அதை 'வேண்டும்' மேல் ஏற்றுகிறது.

முதல் வாக்கியத்தில் மூட்டன் ('வேண்டும்') முடிவெச்சமாக மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். பின்னால் இன்னொரு வினை இருந்தால் மூட்டன், குனன் (முடியும்), வில்லன் (விரும்பு), லாட்டன் (விடு) எல்லாம் மூல வடிவத்திலேயே நிற்கும். 'ஹட் ஹெமூட்டன் ஸெஹன்' கிடையாது. பின்னால் வினை இல்லாவிட்டால் முடிவெச்சம் திரும்பி வரும்: பரிசு கொடுத்தால் 'டட் ஹட் நீட் ஹெஹூவன்' என்பார்கள், 'இதெல்லாம் எதற்கு' என்று நாம் சொல்வதைப் போல.

துணைவினையைப் பெரும்பாலும் முதல் வினைதான் தீர்மானிக்கும். ஹானுக்கு (போ) வஸ் என்றாலும் 'இக் ஹட் மூட்டன் ஹான்' (போயிருக்க வேண்டும்) என்பதே வழக்கம், ஏனென்றால் முன்னால் நிற்பது மூட்டன். ஆனால் 'இக் வஸ் ப்லைவன் ஸ்லாபன்' (இரவு தங்கிவிட்டிருந்தேன்), ஏனென்றால் இங்கே முன்னால் நிற்பது ப்லைவன்.

*

'தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்' வகைக்கு நமக்குச் சிரமமே இல்லை: 'அல்ஸ் இக் டட் ஹெவேட்டன் ஹட், வஸ் இக் நீட் ஹெகோமன்.' இரண்டு பக்கமும் வே-வே-தே.

எழுத்துத் தேர்வில் மதிப்பெண் போவது முடிவெச்சத்தின் கடைசி எழுத்தில். அது டேயா தேயா என்பதே கேள்வி: ஆங்கில 'டாக்' (நாய்) என்பதன் முதலெழுத்து டே, 'டேபிள்' என்பதன் முதலெழுத்து தே. சொல்லின் ஈற்றில் இரண்டுக்கும் ஒரே ஒலி, காதை நம்ப முடியாது. முழு வினையிலிருந்து கடைசி 'என்'னை வெட்டி, மிஞ்சும் கடைசி மெய்யைப் பாருங்கள். அது 'ஸொஃப்ட் கெட்சப்' என்ற சொற்களில் உள்ள மெய்களில் ஒன்றானால் தே, இல்லையென்றால் டே. வெர்கனில் (வேலை செய்) மிஞ்சுவது க், ஆகவே தே. வோனனில் (குடியிரு) ன், ஆகவே டே.

லேவன் (வாழ்), ரைஸன் (பயணம் செய்) இரண்டையும்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். முடிவெச்சத்தில் ஃப், ஸ் எழுதுவதைப் பார்த்துத் தே போடுகிறார்கள். வெட்டியதும் மிஞ்சுவது வே, ஸெட் எழுத்துகள். அவை அந்தச் சொற்களில் இல்லை, ஆகவே டே. முன்னால் பெ-, ஃபெர்-, ஒன்ட்-, ஹெர்- இருந்தால் ஹெ- சேராது: பெடால்ட் (பணம் கட்டி), ஃபெர்டெல்ட் (சொல்லி). முன்சொல் பிரிந்து நிற்கும் வினையில் ஹெ- நடுவில் நுழையும்: ஒப்ஹெபெல்ட் (ஃபோன் செய்து).

இப்படி ஹெ- புதிதாகச் சேராத வினைகளில் இன்னொரு கண்ணி உண்டு, 'ஹெபோர்ட்' அதற்கு நல்ல உதாரணம். நடக்கிறது என்றால் தே, நடந்திருந்தது என்றால் டே. முன்னால் வஸ் அல்லது இஸ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். டச்சுக்காரர்களே இதில் சறுக்குவார்கள்.