மறு: லைவ் ஆத்தரிங் – “நேரலை ஆக்கம்” சரிவருமா?

> “நேரலை ஆக்கம்” என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். நேரலை என்றதும் கிரிக்கெட்டும் தேர்தல் முடிவும்தான் நினைவுக்கு வரும், எங்கோ நடப்பதை அதே நேரத்தில் இங்கிருந்து பார்ப்பது. லைவ் ஆத்தரிங் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே மாற்றி மாற்றி உருவாக்குவது, அதில் பார்க்க ஆளே தேவையில்லை.

ஸ்குவீக் என்ற நிரலாக்கச் சூழலில், குழந்தைகளுக்கென்று இருக்கும் ஈடாய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குவீக் 1996-இல் ஆப்பிளில் ஆலன் கே, டான் இங்கால்ஸ் குழுவிடமிருந்து வந்தது. ஈடாய்ஸ் பிற்பாடு ஓஎல்பிசி (குழந்தைக்கு ஒரு மடிக்கணினி) திட்டத்தின் மடிக்கணினிகளிலும் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரு குழந்தை கார் வரைகிறது, ‘முன்னே போ 5’, ‘திரும்பு 5’ என்ற கட்டளை ஓடுகளை அதற்கு இழுத்துப் போடுகிறது, கார் வட்டமடிக்கிறது. அடித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பும் அளவை 10 ஆக்கினால் வட்டம் அப்போதே சுருங்கிவிடும். நிறுத்து, திருத்து, தொகு (கம்பைல்), மறுபடி ஓட்டு என்ற வேலையே இல்லை. அதனால் என் பரிந்துரை: இயங்குநிலை ஆக்கம். வினையாகவும் வளையும், “இயங்குநிலையில் ஆக்கினேன்” என்று எழுதலாம்.

> டைனமிக் என்பதோடு குழம்பாதா?

கொஞ்சம் குழம்பும்தான். ஆனால் மற்ற மாற்றுகளும் சரிவரவில்லை. “ஓடுநிலை” ரன்டைமோடு (நிரல் ஓடும் நேரம்) மோதுகிறது, போதாததற்கு மேலே கட்டளை ஓடுகள் வேறு இருக்கின்றன. “உயிர்ப்பாக்கம்” சிறுபத்திரிகைத் தலையங்கம் மாதிரி ஒலிக்கிறது, மன்னிக்கவும்.

ஆனால் இந்தச் சொல்லை எல்லா “லைவ்”வுக்கும் ஒட்ட வேண்டாம். ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் டிமோதி லெத்பிரிட்ஜ் குழு உருவாக்கிய அம்பிள் என்ற மாடலிங் மொழியின் இணையப் பதிப்பில், எழுத்தில் ஒரு பண்பைச் சேர்த்தால் பக்கத்திலேயே கிளாஸ் வரைபடம் (நிரலின் வகுப்புகளையும் அவற்றின் தொடர்புகளையும் காட்டுவது) மாறும், வரைபடத்தில் பெட்டி சேர்த்தால் எழுத்து மாறும். மென்பொருள் அமைப்பை இப்படி வரைபடமாகக் காட்டும் யூஎம்எல் முறையைப் படிக்கும் மாணவருக்கு இது பெரிய உதவி, இரண்டு பெட்டிகளை இணைக்கும் கோட்டின் முனையில் போட்ட நட்சத்திரக்குறி (‘எத்தனையும் இருக்கலாம்’ என்பது) நிரலில் என்னவாகிறது என்று கையோடு தெரிந்துவிடும். இங்கே எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை, ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள் ஒத்துப்போகின்றன, அவ்வளவே. இதற்கு “உடன் ஒத்திசைவு” போதும். நான்கு மாணவர்கள் ஒரே வரைபடத்தில் ஒரே நேரத்தில் கைவைத்தால் அது “கூட்டு வரைவு”, அங்கேயும் லைவ் என்ற சொல்லை இழுக்கத் தேவையில்லை.

மாடலிங்குக்கு “மாதிரியாக்கம்” என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருப்பதை நான் ஏற்கவில்லை. மாதிரி வினாத்தாள், மாதிரிப் பள்ளி என்று கேட்டுப் பழகிய மாணவருக்கு அது தவறான பொருளைத்தான் தரும். அதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே கலக்க வேண்டாம்.