8,000 ரூபாய்க்கு கவுன்டர்ல காசு தரமாட்டாங்களாம், ஏடிஎம் போகச் சொல்றாங்க. இதுக்கு ரூல் ஏதும் இருக்கா?

செவக்காட்டான்

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கங்க.

அப்பாவுக்கு 74 வயசு, அருப்புக்கோட்டைல இருக்காரு, ஸ்பின்னிங் மில்லுல 31 வருஷம் ஓட்டிட்டு ரிட்டயர் ஆனவரு. நான் பெங்களூர்ல. பிஎஃப் பென்சனும் நான் அனுப்புற காசும் ஒரே அக்கவுன்ட்டுக்குத்தான் வருது, மாசம் ஒரு தடவ பேங்க்குக்குப் போயி விட்ரால் ஸ்லிப் எழுதிக் குடுத்து காசு வாங்கி, பாஸ்புக்ல என்ட்ரி போட்டுட்டு வருவாரு, இதுதான் பல வருஷமா பழக்கம்.

போன வாரம் 8,000 எடுக்கப் போனா வாசல்லயே ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு "தாத்தா 20,000க்குக் கீழன்னா ஏடிஎம்தான்"னு திருப்பி விட்ருச்சு. இவரு சரின்னு பக்கத்துல இருந்த ஏடிஎம்முக்குப் போயி, அங்க நின்ன யாரோ ஒரு காலேஜ் பையன்கிட்ட கார்டயும் குடுத்து, கார்டு கவர்ல எழுதி வச்சிருந்த பின் நம்பரயும் காமிச்சு "தம்பி எட்டாயிரம் எடுத்துக் குடுப்பா"ன்னு கேட்டுருக்காரு. அவன் எடுத்து, எண்ணி, கார்டோட கைல குடுத்துட்டு "தாத்தா இத யார்கிட்டயும் காட்டாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அந்தப் பையன் நல்லவனா இருந்தான், அவ்ளோதான். இத அப்பா போன்ல பெருமையா சொல்றாரு, எனக்கு இங்க வயித்தக் கலக்குது.

தம்பி என்னடான்னா "ஸ்மார்ட்போன் வாங்கிக் குடுத்து ஆப் போட்டு விடு, காலம் மாறிருச்சு"ங்கிறான். எனக்கு மனசு ஒப்பல. அவரு காசு, அவரு அக்கவுன்ட்டு, கவுன்டர்ல நின்னு கேட்டா குடுக்க மாட்டேன்னு சொல்ல இவங்களுக்கு உரிமை இருக்கா? பேங்க் பேரு வேணாம், பேங்க்ல வேலை பாக்குறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

கவுன்டர்நம்பர்3

பேங்க் ஊழியர்தான், ஆனா உங்க அப்பா போன பேங்க் இல்லன்னு நம்புறேன். நேரா சொல்லிடறேன், இவ்ளோ ரூபாய்க்குக் கீழ கவுன்டர்ல குடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் ரூல் எனக்குத் தெரிஞ்சு எதுவும் கிடையாது. அது கிளையோ மேல இருக்கிற ஆபீஸோ அவங்களா வச்சுக்கிறது. எத்தன பர்சன்ட் பரிவர்த்தனைய கவுன்டர்லருந்து மெஷினுக்குத் தள்ளுனீங்கன்னு எங்களுக்கு டார்கெட் இருக்கு, மாசாமாசம் கேப்பாங்க. வாசல்ல நின்ன பொண்ணு மேல கோவப்படாதீங்க, பாதி எடத்துல அது அப்ரன்டிசா இருக்கும், சொன்னதச் செய்யும்.

எங்க பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க. நான் சேரும்போது இந்தக் கிளைல கேஷ் கவுன்டர் மட்டும் மூணு, இப்ப நான் ஒருத்தன்தான், அதுலயே பாஸ்புக், செக், கேஒய்சி, நகைக்கடன் ரினீவல், நடுவுல மேனேஜர் வந்து இன்னைக்கு எத்தன இன்சூரன்ஸ் போட்டீங்கன்னு கேப்பாரு. 15ம் தேதி மகளிர் உரிமைத் தொகை ஏறுன உடனே வாசல் வரைக்கும் லைன் நிக்கும், அதுல பாதிப் பேரு காசு எடுக்க வரல, வந்துருச்சான்னு கேக்க வர்றாங்க. மெசேஜ் வந்துருக்கும், ஆனா இங்கிலீஷ்ல.

ஒரு டிப்ஸ். 11:30க்கு மேல, மாசத்துல 10ம் தேதிக்கு அப்புறம் 14க்குள்ள போகச் சொல்லுங்க. அந்த நேரம் வர்ற வயசானவங்கள நாங்க யாரும் திருப்பி அனுப்ப மாட்டோம், எங்களுக்கும் வீட்ல அப்பா இருக்காரு.

நாமக்கல்_டயர்

எல்லாரும் கவுன்டர் கவுன்டர்னு உருகுறீங்களே, அந்தக் காலத்துல கவுன்டர்ல நாங்க பட்ட பாடு தெரியுமா. எங்கப்பா ஒத்த லாரி வச்சு ஓட்டினவரு. வண்டி நாக்பூர்ல ஆக்சில் ஒடஞ்சு நிக்கும், டிரைவருக்குக் காசு அனுப்பணும்னா டிடி எடுக்கணும், சலான் எழுதி, ஆபீசர் கையெழுத்துக்கு நின்னு, அவரு டீ குடிச்சுட்டு வந்து, இங்க எழுத்து சரியில்லன்னு திருப்பி அனுப்பி, ஒரு பகல் போயிடும். இதுல ரைஸ் மில் மொதலாளி வந்தா மேனேஜர் ரூமுக்குள்ள உக்கார வச்சு காப்பி வரும், எங்கப்பா கிரீஸ் கறை வேட்டியோட வெளிய நிப்பாரு. அப்ப அவரு பேரு கூட யாருக்கும் தெரியாது. அந்தப் பர்சனல் சர்வீஸ் யாருக்குக் கெடச்சுதுன்னு யோசிங்க.

மெஷின் வேட்டியப் பாத்து மூஞ்சக் காட்டாதுங்க. 2016ல யூபிஐ வந்துச்சு, இன்னைக்கு டிரைவர் ராத்திரி ரெண்டு மணிக்கு டீசல் இல்லன்னு கூப்பிட்டா படுக்கைல இருந்தே அனுப்பிட்டுத் தூங்கிடுறேன். 2021ல ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதுக்கப்புறம் டோல்ல சில்லறைக்குச் சண்டையும் இல்ல. கடைசியா பேங்க்குக்கு எப்பப் போனேன்னே ஞாபகம் இல்ல.

உங்க அப்பா விசயம் வேற, ஒத்துக்கறேன். ஆனா பேங்க்குன்னாலே முன்னாடி சொர்க்கமா இருந்துச்சுங்கற மாதிரி பேசாதீங்க.

சும்மா_வந்தவன்

2016ல சிட்டி யூனியன் பேங்க், நம்ம கும்பகோணத்துல 1904ல ஆரம்பிச்ச பேங்க், டி.நகர் கிளைல லட்சுமின்னு ஒரு ரோபோவ வச்சாங்க ஞாபகம் இருக்கா? இங்கிலீஷ்ல பேசும். செவக்காட்டான் அப்பாவும் லட்சுமியும் பேசிக்கிறத கற்பனை பண்ணிப் பாத்தேன், சிரிப்ப அடக்க முடியல 😂 மன்னிச்சிருங்க.

கைரேகை_அக்கா

அண்ணா நான் திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமத்துல பேங்க் மித்ரா, அதாவது சின்ன மெஷின வச்சுக்கினு வீட்டுத் திண்ணைலயே ஆதார் கைரேகை வாங்கி காசு குடுக்கறவ. ஒரு தபாக்கு 10,000 வரைக்கும் எடுக்கலாம். உங்க ஊர்லயும் கண்டிப்பா யாராச்சும் இருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க.

ஆனா ஒன்னு சொல்லிடறேன், மில்லு வேலை செஞ்ச கைன்னா ரேகை சீக்கிரம் விழாது. இங்க களை எடுக்கற, செங்கல் சூளைல வேலை செய்ற ஆயாங்களுக்கு பத்து விரலும் வச்சுப் பாத்தாலும் மெஷின் இல்லன்னு சொல்லும். கைய நல்லா கழுவ சொல்லி, தொடச்சு, துளி தேங்காண்ணெ தடவி, மோதிர விரல் வச்சுப் பாப்பேன், சில நேரம் விழும். விழலன்னா அந்த ஆயா என்னத்தான் திட்டும், "என் காச நீ வச்சுக்கினு தரமாட்டேன்ற"ன்னு. சர்வர் படுத்துக்கினாலும் எனக்குத்தான் திட்டு.

எல்லாரும் மெஷினு மனுசன்னு ரெண்டா பிரிக்கிறீங்க, எங்கிட்ட வர்றவங்களுக்கு மெஷின்னா அது நான்தான். பேலன்ஸு எவ்ளோன்னு படிச்சு சொல்றது நானு, ஸ்லிப்ப மடிச்சு சுருக்குப் பைல வைக்கறது நானு, மருமவளுக்குத் தெரியாம எடுத்துக் குடுன்னு கேட்டா வாய மூடிக்கினு இருக்கறதும் நானு. அதுக்கு பேங்க்கு குடுக்கற கமிசன் டீ செலவுக்குக் காணாது.

அப்பாகிட்ட சொல்லி வைங்க, எங்க விரல் வச்சாலும் ஸ்லிப்பு கேட்டு வாங்கணும். "விழல, இன்னொரு தபா வை"ன்னு சொல்லிட்டு ரெண்டு தபா எடுக்கற ஆளுங்களும் இருக்காங்க. பயமா இருந்தா ஆதார்ல பயோமெட்ரிக்க லாக் பண்ணி வச்சுட்டு, வேணும்போது மட்டும் தெறக்கலாம், அத நீங்க பெங்களூர்ல இருந்தே பாத்துக்கலாம்.

பழைய_லெட்ஜர்

தம்பி, நான் 1979ல கிளார்க்கா சேர்ந்து ஆபீசரா ரிட்டயர் ஆனவன். பித்தளை டோக்கன், கையெழுத்து மாதிரிக் கார்டு, ரெண்டு பேர் சேர்ந்து தூக்கற லெட்ஜர், எல்லாம் பாத்தாச்சு. கம்ப்யூட்டர் வேண்டாம்னு பேங்க் வாசல்ல கோஷம் போட்ட கும்பல்ல நானும் இருந்தேன். 1983ல சங்கங்களும் நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷம் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்து, அப்புறம்தான் மெஷின் உள்ளேயே நுழைஞ்சுது. வேலை போயிடும்னு பயந்தோம். ஆள் குறைஞ்சுது உண்மைதான், மேல கவுன்டர்நம்பர்3 தம்பி சொல்றதப் படிச்சா தெரியுது.

ஆனா நாமக்கல்காரர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஒரு சங்கதி சொல்றேன், நிறைய பேருக்கு இது மறந்தே போச்சு. 2010 மார்ச் வரைக்கும் சேவிங்ஸ் வட்டி எப்படின்னா, மாசம் 10ம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவுல எது குறைஞ்ச பேலன்ஸோ அதுக்குத்தான். 30 நாளும் 5,000 வச்சிருந்து, 28ம் தேதி ஒரு நாள் 4,900 எடுத்தா நூறு ரூபாய்க்குத்தான் அந்த மாச வட்டி. கைல கணக்குப் போடறதால அதான் முடியும்னு சொல்லிட்டிருந்தோம். ஏப்ரல் 1லருந்து தினசரி பேலன்ஸுக்கு வட்டி போடுன்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு போட்டுது, அதுக்குள்ள கிளை எல்லாம் கம்ப்யூட்டர் ஆனதாலதான் அது முடிஞ்சுது. சிரிச்ச முகத்தோட நான் கவுன்டர்ல உக்காந்து 30 வருஷம் குறைச்சு வட்டி குடுத்திருக்கேன்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். 2017 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் ஒரு சர்குலர் போட்டுது, 70 வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் காசு குடுக்கறது வாங்கறது எல்லாம் வீட்டுக்கே வந்து செய்ய பேங்க் முயற்சி எடுக்கணும்னு, கிளைல முதியவங்களுக்குத் தனியா அடையாளம் போட்ட கவுன்டர் இருக்கணும்னு. அப்பாவுக்கு 74, அதுல வருவார். வாயால கேக்காதீங்க, ஒரு வெள்ளைத்தாள்ல லெட்டர் எழுதி, ரெண்டாவது காப்பில சீல் வச்சு வாங்குங்க. சீல் கேட்டாலே பாதி வேலை நடக்கும். 30 நாள்ல பதில் இல்லன்னா, இல்ல வந்த பதில் சரியில்லன்னா, பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மனுக்கு ஆன்லைன்லயே போடலாம், காசு கிடையாது.

இன்னொன்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க, வேண்டி வராம இருக்கட்டும். கையெழுத்து போட முடியாத அளவுக்கு உடம்பு முடியாமப் போனா கைநாட்டு, அதுவும் முடியலன்னா கால் விரல் ரேகை வச்சுக் கூட விட்ரால் ஸ்லிப் குடுக்கலாம், பேங்க்குக்குத் தெரிஞ்ச ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் ஆபீசர். இதெல்லாம் எங்க காலத்துலருந்தே இருக்கற ரூல்.

ஏடிஎம் பத்தி ஒரு துணுக்கு. 1967ல லண்டன்ல பார்க்லேஸ் பேங்க்குக்கு அந்த மெஷின செஞ்சு குடுத்த ஷெப்பர்ட் பாரன் நம்ம ஷில்லாங்ல பொறந்தவர். பின் நம்பர் ஆறு இலக்கம் வைக்கலாம்னு இருந்தாராம், வீட்டம்மா எனக்கு நாலுதான் ஞாபகம் நிக்கும்னு சொன்னதால நாலாச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

செவக்காட்டான்

ஐயா, எங்கப்பாவுக்கு அந்த நாலும் நிக்கல, அதான் கவர்ல எழுதிட்டாரு.

சரி, எல்லாருக்கும் நன்றி. இந்த சனிக்கிழமை ஊருக்குப் போறேன், ரெண்டாவது நாலாவது சனி இல்ல, பேங்க் இருக்கும். பிஎஃப் பென்சனுக்கு லைஃப் சர்டிபிகேட்டும் குடுக்கணும், போன வருஷம் ரேகை விழாம மூணு தடவ அலைஞ்சாரு, அக்கா சொல்றது சரிதான்.

கவுன்டர்நம்பர்3

லைஃப் சர்டிபிகேட்டுக்கு அலைய வேணாம் சார். 2021லருந்தே ஜீவன் பிரமாண்ல, அதாவது கவர்மென்ட்டோட ஆன்லைன் லைஃப் சர்டிபிகேட்ல, முகத்த வச்சே பண்ணலாம், உங்க போன்லயே ஆப் போட்டு, நல்ல வெளிச்சத்துல உக்கார வச்சு கண்ணச் சிமிட்டச் சொல்லுங்க. இல்லன்னா போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து பண்ணிக் குடுப்பாரு. பிஎஃப் பென்சன்னா நவம்பர்லதான்னு இல்ல, எப்பக் குடுத்தாலும் அதுலருந்து ஒரு வருஷம் செல்லும்.

செவக்காட்டான்

அப்டேட். ஊருக்குப் போயிட்டு வந்துட்டேன்.

லெட்டர் எழுதிட்டுப் போனோம். மேனேஜர் வடக்கத்திக்காரரு, ஆனா தன்மையான மனுசன், படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு. சீல் கேட்டதும் மொகம் கொஞ்சம் மாறுச்சு, அப்புறம் வச்சுக் குடுத்தாரு. இனிமே எவ்ளோவா இருந்தாலும் அப்பாவுக்குக் கவுன்டர்லயே குடுக்கச் சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்து குடுக்கறத பத்திக் கேட்டா அதுக்கு ஆப்ல ரிக்வெஸ்ட் போடணுமாம், ஓடிபி வருமாம். ஆப் தெரியாதவருக்காகத்தானே சார் கேக்கறோம்னேன், அவரும் சிரிச்சுட்டாரு.

ஆனா அப்பா வீட்டுக்கெல்லாம் யாரும் வர வேணாம்னுட்டாரு. பேங்க்குக்குப் போற அன்னிக்குத்தான் சட்டைக்கு இஸ்திரி போடுவாரு, பழைய மில்லு ஆளுங்க நாலு பேர அங்கதான் பாப்பாரு, திரும்பி வரும்போது வடை சாப்பிடுவாரு, இதெல்லாம் எனக்கு இத்தன நாள் தெரியல.

முகத்த வச்சு லைஃப் சர்டிபிகேட் அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது, "என்னடா கண்ணடிக்கச் சொல்ற"ன்னு ஒரே சிரிப்பு. பின் நம்பர மாத்தியாச்சு, கவரயும் கிழிச்சுப் போட்டாச்சு. பாஸ்புக் மெஷினையும் பழக்கி விடலாம்னு ஸ்டிக்கர் ஒட்டி, எப்பிடிச் சொருகணும்னு காமிச்சு, அவரே வச்சாரு. கரகரன்னு நாலு வரி அடிச்சுட்டு நின்னுருச்சு. பக்கம் தீந்துபோச்சாம், புது பாஸ்புக்குக்கு கவுன்டர்ல கேக்கணுமாம். அப்பா என்னத் திரும்பிப் பாத்துட்டு, டோக்கன் எடுக்கப் போயிட்டாரு.